முட்டி வலியோடு மாநிலப் போட்டிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. அறந்தாங்கி பக்கம் கிராமம். அரசுப் பள்ளியில் பத்தாவது படிக்கிறான். டிரிபிள் ஜம்ப்பில் வருவாய் மாவட்ட அளவில் 13.08 மீட்டர் தாண்டி முதலாவதாக வந்தான். அடுத்து மாநிலப் போட்டி. ஆனால் நாலு மாதமாக வலது முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு வலிக்கிறது. மண்டியிட முடியவில்லை. உள்ளூர் வைத்தியர் எண்ணெய் போட்டு நீவிவிட்டார். அன்று ராத்திரி வலி அதிகமாகிவிட்டது. முட்டியில் ஒரு ஊசி போட்டால் மாநிலப் போட்டி வரை தாங்கும் என்கிறார் இன்னொருவர். பி.டி. சார் நல்லவர். வாரத்தில் ஆறு நாள் காலையிலும் மாலையிலும் நின்று பயிற்சி கொடுக்கிறார். மாநிலப் போட்டி 13 மீட்டர் பலகையில்தான் என்று அதிலிருந்தே தாண்ட வைக்கிறார். இப்போது விட்டால் ஒரு வருடம் போச்சு என்கிறார். திருச்சியில் ஒரு அகாடமி, பணம் கட்டிச் சேர்த்தால் இரண்டு வருடத்தில் தேசிய அளவு என்று சொல்கிறது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவன் அப்பா, "குதிச்சு என்ன ஆகப்போகுது, படிக்கச் சொல்லு" என்கிறார். நான் யார் பேச்சைக் கேட்பது? இதில் அவனுக்கு எதிர்காலம் இருக்கிறதா?
– ஒரு தாய், புதுக்கோட்டை மாவட்டம்

பதில் (விளையாட்டுப் பிசியோதெரபிஸ்ட்):

அம்மா, முட்டியில் இருந்து தொடங்குகிறேன். அது பிடிபட்டால் மாநிலப் போட்டிக்கும் எதிர்காலத்துக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது ஆஸ்குட்-ஷ்லாட்டர் என்கிற பிரச்சினையாக இருக்க வாய்ப்பு அதிகம். பெயர்தான் பயமுறுத்தும். தொடையின் முன்பக்கத் தசை முட்டிச் சில்லைத் தாண்டி இறங்கி, கீழ்க்கால் எலும்பின் மேல்முனையில் ஒரு நாணாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது. வளரும் வயதில் அந்தப் பிடிமானம் இன்னும் முழு எலும்பாகவில்லை, குருத்தெலும்பு. பையன் மளமளவென்று உயரும்போது எலும்பு நீள்கிற வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்காமல் இறுகிப்போகிறது. அந்த நேரம் பார்த்து நாள் தவறாமல் குதிக்கவும் வைத்தால், நாண் அந்தக் குருத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வீங்கும், புடைக்கும், தொட்டாலே வலிக்கும். வளர்ச்சி முடிகிற காலத்தில் பெரும்பாலும் தானாக அடங்கிவிடும். புடைப்பு மட்டும் வலியில்லாமல் நின்றுபோகலாம். அதனால் ஆட்டத்துக்குக் கெடுதல் இல்லை.

இருந்தாலும் கடிதத்தைப் படித்து நோயை உறுதி செய்யக் கூடாது. புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்புப் பிரிவில் ஒருமுறை காட்டிவிடுங்கள். எக்ஸ்ரே தேவையா என்று அவர்கள் சொல்வார்கள். தூக்கத்தில் எழுப்புகிற வலி, முட்டி முழுக்க வீக்கம், காய்ச்சல், மடக்கிய கால் பூட்டிக்கொள்வது, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள். தாண்டும்போது படாரென்று ஒரு வலி வந்து, அதன் பிறகு காலை நீட்டித் தூக்க முடியவில்லை என்றால் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அந்தக் குருத்து பிய்ந்து வந்திருக்கலாம். அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் அறுவை சிகிச்சை வரை போகும்.

நீவி விடுவதை நிறுத்துங்கள். வீங்கிய குருத்தின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் வலி ஏறத்தான் செய்யும். ஊசி வேண்டவே வேண்டாம். முட்டி வலிக்கு என்று சொல்லிப் போடுவது பெரும்பாலும் ஸ்டீராய்டு. வளரும் பிள்ளைக்கு நாண் ஒட்டும் இடத்தில் அதைப் போட்டால் நாணே வலுவிழக்கலாம். வலி தெரியாததால் அவனும் முழு வேகத்தில் ஓடிப்போய் மிதிப்பான். என்னிடம் வருகிற பெற்றோர்களிடம் நான் கறாராகப் பேசுகிற விஷயங்கள் சிலதான், அதில் இது முதல்.

வலது முட்டி மட்டும் ஏன் என்று யோசித்தீர்களா? தம்பி வலது காலால் பலகையை மிதிக்கிறவன் என்று நினைக்கிறேன். டிரிபிள் ஜம்ப் என்றால் ஹாப், ஸ்டெப், ஜம்ப் என்று அடுத்தடுத்து மூன்று தாவல். பலகையை மிதித்த கால் மேலேயே ஹாப்பில் திரும்ப இறங்க வேண்டும், அதே காலால் ஸ்டெப்புக்கும் உந்த வேண்டும். அப்புறம்தான் இடது காலுக்கு வேலை. வலது, வலது, இடது. ஹாப் முடிந்து ஒற்றைக்காலில் இறங்கும் அந்த நொடியில், பெரிய வீரர்களிடம் உடல் எடையைப் போலப் பத்து மடங்குக்கு மேல் விசை அளந்திருக்கிறார்கள். தம்பிக்கு அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும், 50 கிலோ பையனின் ஒரு முட்டியில் 250 கிலோ. வாரத்தில் ஆறு நாள், அதுவும் இறுகிப்போன மண் தரையில்.

அந்தப் பலகை விஷயத்தைப் படித்தபோது நிமிர்ந்து உட்கார்ந்தேன். பலகைக்கும் மணல் குழிக்கும் நடுவே உள்ள தூரம்தான் இந்த 13 மீட்டர். சர்வதேசப் போட்டியில் ஆண்களுக்கு அது 13, பெண்களுக்கு 11. மற்றப் போட்டிகளில் தாண்டுபவர்களின் தரத்தைப் பார்த்து அமைத்துக்கொள்ள விதியே இடம் கொடுக்கிறது. தம்பியின் மிகச் சிறந்த தாண்டலே 13.08. அதாவது அவன் வாழ்நாளில் தாண்டிய நல்ல தாண்டல் குழிக்குள் 8 சென்டிமீட்டரில் விழுகிறது. சாதாரண நாளில் 12.60 தாண்டினால் மணலே கிடையாது. குழியின் விளிம்பிலோ கட்டாந்தரையிலோ குதிகால் இறங்கும். பிள்ளைகள் இதற்குப் பயந்து கடைசித் தாண்டலில் காலை முன்னே நீட்டாமல் சுருக்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் முதல் ஹாப்பைத் தேவைக்கு மேல் உயர்த்தித் தூக்குவார்கள். உயரமாகப் போனால் இறங்கும்போது அடி பலம். ஸ்டெப் நசுங்கிப்போய்ப் பொத்தென்று விழும். முட்டிக்கும் கேடு, தூரத்துக்கும் கேடு. பி.டி. சாரிடம் 11 மீட்டரில், பயிற்சியில் 10 மீட்டரில்கூட, சுண்ணாம்புக் கோடு போட்டுத் தாண்ட வைக்கச் சொல்லுங்கள். செலவு ஒரு கைப்பிடிச் சுண்ணாம்பு. மாநிலப் போட்டியில் எந்தப் பலகை என்பதையும் முன்கூட்டியே கேட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இனி பயிற்சி. முழு ஓய்வு என்று படுக்கப்போடத் தேவையில்லை. தசை இளைத்தால் திரும்ப வரும்போது முட்டிக்குச் சுமை இன்னும் கூடும். முதல் மூன்று, நாலு வாரம் குதிப்பதை நிறுத்திவிட்டு மற்றதைச் செய்யட்டும். சுவரில் முதுகைச் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி அரை நிமிடம், முக்கால் நிமிடம் நிற்பது. தொடையின் பின்பக்கத்துக்கும் இடுப்புக்கும் கெண்டைக்காலுக்கும் வலு. வலிக்காத அளவு ஓட்டம். பயிற்சி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம். வலியைப் பத்துக்கு எத்தனை என்று அவனையே மதிப்பெண் போடச் சொல்லுங்கள். மூன்று வரை இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் அந்த அளவு பயிற்சி ஒத்துக்கொள்கிறது. காலையில் மாடிப்படி இறங்கும்போது நேற்றைவிட அதிகம் வலித்தால் முந்தின நாள் செய்தது கூடுதல். இதை ஒரு பழைய நோட்டில் தேதி போட்டு எழுதட்டும். பக்கத்திலேயே எத்தனை குதிப்பு என்பதும் இருக்கட்டும். இந்த நோட்டை வைத்துப் பேசினால் எந்தப் பயிற்சியாளரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இன்னொன்று, மாதத்துக்கு ஒருமுறை சுவரில் அவன் உயரத்தைப் பென்சிலால் குறித்து வையுங்கள். வேகமாக உயர்கிற மாதங்களில் குதிப்பைக் குறைத்து ஓட்டத்தையும் நுட்பத்தையும் கூட்ட வேண்டும். குதிக்கத் தொடங்கிய பிறகும் வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நடுவில் இரண்டு நாள் இடைவெளியோடு, புல்லில் அல்லது மணலில், ஆறு முதல் எட்டுக் காலடி ஓட்டத்தில். முழு ஓட்டம் எடுத்துத் தாண்டுவதைப் போட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டு காலிலும் ஹாப் பழகட்டும். அமெரிக்காவின் கிறிஸ்டியன் டெய்லர் 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் இடது காலால் மிதித்துத் தங்கம் வாங்கியவர். முட்டி வலி தாங்காமல் 2013-இல் வலது காலுக்கு மாறினார். உலக சாம்பியனான பிறகு ஓட்டத்தையே முதலில் இருந்து கற்றுக்கொண்ட மாதிரி. 2015-இல் பெய்ஜிங்கில் 18.21 மீட்டர் தாண்டினார், 2016 ரியோவில் மறுபடியும் தங்கம். வலி வந்ததால் அவர் கதை முடியவில்லை. பிடிவாதமாக அதே காலில் தாண்டிக்கொண்டே இருந்திருந்தால் முடிந்திருக்கலாம்.

மாநிலப் போட்டிக்கு அனுப்பலாமா? நான் தேதியைப் பார்த்து முடிவு செய்ய மாட்டேன். போட்டிக்கு ஒரு வாரம் முன்னால் தம்பி வலது காலில் மட்டும் நின்று பாதி உட்கார்ந்து எழ வேண்டும். அதே காலில் நின்ற இடத்தில் பத்துத் தடவை குதிக்க வேண்டும். வலி மூன்றைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலையும் கூடியிருக்கக் கூடாது. அப்படியானால் போகட்டும், மூன்று தாண்டலோடு நிறுத்திக்கொள்ளட்டும். இல்லையென்றால் இந்த வருடம் வேண்டாம். போகிறான் என்றால் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்வதில் கவனம் தேவை. ஒரு தாண்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருபது நிமிடம் வெறுமனே உட்கார வைத்துவிடுவார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் ஹென்றி ரெபெல்லோ இறுதிச்சுற்றில் பதக்க எதிர்பார்ப்போடு நின்றார். வயது 19. அவர் முறை வந்த நேரத்தில் ஒரு பரிசளிப்புக்காகக் காத்திருக்க வைத்தார்கள். குளிரில் உடம்பு ஆறிப்போனது. அழைத்தவுடன் ஓடிப்போய்த் தாண்டியதில் தொடையின் பின்தசை கிழிந்தது. அப்புறம் அவர் எந்த ஒலிம்பிக்ஸிலும் தாண்டவில்லை. எனவே ஸ்வெட்டரோ பழைய முழுக்கைச் சட்டையோ பையில் இருக்கட்டும், முறை வருவதற்கு முன் எழுந்து நடந்து ஓடட்டும்.

ஒரு வருடம் போச்சு என்று சார் சொல்வதன் அக்கறை எனக்குப் புரிகிறது. சம்பளத்துக்கு மேல் உழைக்கிற இப்படிப்பட்ட ஆசிரியர்கள் இல்லையென்றால் நம் கிராமத்துப் பிள்ளைகள் மைதானத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் டிரிபிள் ஜம்ப் 15 வயதில் தீர்ப்பாகிற ஆட்டம் இல்லை. வேகம், வலு, ஒற்றைக்காலில் இறங்கி மறுபடி உந்தும் பக்குவம் எல்லாம் சேர்ந்து வர இருபது வயதுக்கு மேல் ஆகிறது. ஆண்களுக்கான உலக சாதனை 18.29 மீட்டர், பிரிட்டனின் ஜோனதன் எட்வர்ட்ஸ் 1995-இல் தாண்டியது. அப்போது அவருக்கு வயது 29.

நம் பக்கத்துக் கணக்கையே பாருங்கள். டெல்டா மாவட்டத்தில் இருந்து போன பிரவீன் சித்திரவேல் 2018-இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த இளையோர் ஒலிம்பிக்ஸில் வெண்கலம் வாங்கினார். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் 16.89 மீட்டர், நாலாவது இடம். வெண்கலம் வெறும் 3 சென்டிமீட்டரில் போனது. அன்றைக்குத் தங்கமும் வெள்ளியும் வாங்கிய எல்தோஸ் பால், அப்துல்லா அபூபக்கர் இருவரும் கேரளத்துக்காரர்கள். அடுத்த வருடம் மே மாதம் ஹவானாவில் 17.37 தாண்டி பிரவீன் தேசிய சாதனையை மாற்றினார், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வந்தது. சின்னப் பையனாக வாங்கிய பதக்கத்துக்கும் தேசிய சாதனைக்கும் நடுவில் ஐந்து வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. மதுரைப் பக்கத்துச் செல்வ பிரபு திருமாறன் 2022-இல் கொலம்பியாவின் காலியில் 20 வயதுக்கு உட்பட்டோர் உலகப் போட்டியில் 16.15 மீட்டருடன் வெள்ளி வாங்கினார்.

அதே போட்டியில் தங்கம் வாங்கிய ஜமைக்காவின் ஜெய்டன் ஹிபர்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அன்று 17.27. 2023-இல், 18 வயதில், 17.87 தாண்டி இளையோர் உலக சாதனை. அந்த ஆகஸ்டில் புடாபெஸ்ட் உலகப் போட்டித் தகுதிச்சுற்றில் எல்லோரையும் முந்தினார். இறுதிச்சுற்றின் முதல் தாண்டலிலேயே தொடை பிடித்துக்கொண்டு வெளியேறினார். அவருக்கு மருத்துவர், பயிற்சியாளர் எல்லாம் உண்டு. மறுவருடம் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் திரும்பி வந்து 17.61 மீட்டருடன் நாலாவதாக முடித்தார். தம்பிக்குப் பின்னால் அந்த ஏற்பாடு எதுவும் இல்லை, நீங்களும் சாரும்தான் இருக்கிறீர்கள். அதனால்தான் இவ்வளவு முன்ஜாக்கிரதை பேசுகிறேன்.

சரி, வேலை. அவன் அப்பா கேட்பது நியாயமான கேள்வி, ஆட்டத்தின் மேல் வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மாவட்ட அளவில் முதலிடம் என்ற சான்றிதழுக்கு அரசு வேலை கிடையாது. இதை முதலிலேயே தெளிவாக வைத்துக்கொள்வது நல்லது. தமிழ்நாடு அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, காவல்துறை, ராணுவம், வருமான வரித்துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் எடுக்கிறவர்கள் உண்டு. ஆனால் அங்கெல்லாம் பேசுவது தேசிய, சர்வதேச, பல்கலைக்கழக அளவிலான பங்கேற்பும் பதக்கமும்தான். அந்தச் சான்றிதழும் உரிய படிவத்தில் இருக்க வேண்டும்: சர்வதேசத்துக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலானதற்கு 3, தேசியப் பள்ளி விளையாட்டுக்கு 4. பதக்கத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டுப் படிவத்தைத் தொலைத்தவர்கள் நிறையப் பேர். ஒரு கோப்பு வாங்கி இப்போதே தொடங்குங்கள். வேலைக்கு முன்னால் இன்னொரு பலன் இருக்கிறது: மாநில அளவில் நன்றாகத் தாண்டும் பிள்ளைக்குக் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டு இடம், பல இடங்களில் கட்டணச் சலுகையும் விடுதியும். இந்த ஆட்டத்தால் நிறையக் குடும்பங்களுக்குக் கிடைத்த உண்மையான லாபம் அந்தப் பட்டப்படிப்புதான் என்பேன். அதற்குப் பத்தாவது, பன்னிரண்டாவது மதிப்பெண் வேண்டும். எனவே அவன் அப்பா சொல்வதும் சார் சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை.

திருச்சி அகாடமியைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரியாது. ஆனால் 15 வயதுப் பிள்ளைக்கு இரண்டு வருடத்தில் தேசிய அளவு என்று வாக்குக் கொடுப்பவரிடம் பணம் கட்ட நான் சொல்ல மாட்டேன். பத்தாவது முடியட்டும். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் பதினொன்றாம் வகுப்புக்குச் சேர்க்கை உண்டு. தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாம் அரசுச் செலவு. கோடை விடுமுறையை ஒட்டி அறிவிப்பு வரும், மாவட்ட விளையாட்டு அலுவலரிடம் கேட்டு வையுங்கள். மத்திய அரசின் சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) பயிற்சி மையம் மயிலாடுதுறையில் இருக்கிறது, உங்களுக்கு ரொம்பத் தூரம் இல்லை. எங்கே சேர்த்தாலும் முதலில் ஒரு மாலை போய் நின்று பாருங்கள். தரை எப்படி, குழி மணலைக் கிளறிப் போடுகிறார்களா, வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே போதும். பிறந்த தேதியை மாற்றிக் கீழ்ப் பிரிவில் தாண்ட வைக்கலாம் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்து வயதைப் பார்க்கிறார்கள், சிக்கினால் தடை.

சாப்பாட்டைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் அடுத்து டப்பா விற்க ஆள் வரும். உங்கள் பக்கம் மீனுக்குக் குறையில்லை. முட்டை, வேர்க்கடலை, சுண்டல், பயறு, பால் போதும். புரோட்டீன் பவுடர், 'பவர் மாத்திரை' எதுவும் வேண்டாம். அதில் தடைசெய்யப்பட்ட பொருள் கலந்திருந்து நாடா (தேசிய ஊக்கமருந்துத் தடுப்பு முகமை) பரிசோதனையில் மாட்டினால், உள்ளே என்ன இருந்தது என்று தெரியாது என்ற பதில் காப்பாற்றாது. தன் உடம்பில் இருப்பதற்கு வீரர்தான் பொறுப்பு என்பது விதி. தூக்கம்தான் இப்போது அவனுக்கு நிஜமான மருந்து. காலை ஐந்து மணிக்குப் பயிற்சி, ராத்திரி பத்து வரை டியூஷன் என்றால் எந்த முட்டியும் ஆறாது. பொதுத்தேர்வு முடியும் வரை காலைப் பயிற்சியை விட்டுவிட்டு எட்டு மணி நேரம் தூங்கட்டும். சாரிடம் இதை முதல் கோரிக்கையாகக் கேளுங்கள், பலகை இரண்டாவது. எலும்பு மருத்துவர் எழுதிக்கொடுக்கும் சீட்டின் நகலையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். மேலதிகாரிகள் ஏன் பையனை அனுப்பவில்லை என்று கேட்டால் காட்ட அவருக்கும் ஒரு காகிதம் வேண்டுமில்லையா.